குடிக்கணக்கும் ஞானஸ்நானப் பதிவேடும்: முன்னோரைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

முன்னோரைத் தேடலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து குடும்பப் பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான். ஆயிரக்கணக்கில் பெயர்கள் வந்து விழும். ஊரும் வயதும் ஓரளவு ஒத்துப்போகிற ஒருவர் கண்ணில் பட்டால் மனசு அவரைப் பிடித்துக்கொள்ளும். பல குடும்ப மரங்கள் தடம் மாறுவது அந்த இடத்தில்தான். யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவை நம்முடையவர் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு மேலே இன்னும் நான்கு தலைமுறை எழுதிவிடுவோம்.

இந்தத் தேடலுக்கு முதுகெலும்பாக இருப்பவை இரண்டு வகை ஏடுகள். ஒன்று, அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுருக்கமாகக் குடிக்கணக்கு என்றே சொல்கிறேன். இன்னொன்று, தேவாலயங்கள் வைத்திருந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். இரண்டுமே நமக்காக எழுதப்பட்டவை அல்ல. நாட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன தொழில் என்று தெரிந்துகொள்ள அரசு எண்ணியது. யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம், யாருக்குத் திருமணம் செய்துவைத்தோம், யாரை அடக்கம் செய்தோம் என்பதற்கு அத்தாட்சியாகத் திருச்சபை எழுதியது. ஓர் ஏட்டை எழுதியவர் எதற்காக எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பது தெரிந்துவிட்டால், அதில் எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும். மற்ற உத்திகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

தேடலை எப்போதும் நம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். நம் பெற்றோர், அவர்களுடைய பெற்றோர், அவர்களுக்கு முந்தையவர் என்று ஒவ்வொரு படியாக. ஒரு படியை உறுதி செய்யாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. புகழ்பெற்ற யாரோ ஒருவருக்கு நம் குடும்பப் பெயர் இருக்கிறது என்பதற்காக அவரிடமிருந்து கீழே இறங்கி வரத் தொடங்கினால், எங்கேயாவது நம்மோடு முடிச்சுப் போடத்தான் மனம் பார்க்கும்.

முதலில் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். காகிதம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். பெயரை மட்டும் கேட்டால் போதாது. எந்த ஊர், எந்தச் சபை, என்ன தொழில், கூடப் பிறந்தவர்கள் யார், யார் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள், யார் கடல் தாண்டிப் போனார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். அதில் ஊர்ப் பெயர்தான் மிக முக்கியம். பழைய ஏடுகள் ஊர்வாரியாகவும் பங்குவாரியாகவும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) அடுக்கப்பட்டவை. பெயர் தெரிந்து ஊர் தெரியாவிட்டால் தேடல் நகராது. ஊர் தெரிந்திருந்தால், பெயரின் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

குடிக்கணக்கின் ஒரு பக்கம்

இங்கிலாந்தில் 1801-ல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. முதல் நான்கு கணக்குகள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். எல்லாருடைய பெயரையும் எழுதும் வழக்கம் 1841-ல்தான் வருகிறது. அந்த 1841 கணக்கும் ஓர் அரைகுறை. யார் யாருக்கு என்ன உறவு என்று அதில் இல்லை. பிறந்த இடம் கேட்டால், இதே மாவட்டமா இல்லையா என்பதோடு நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 24 வயதுக்காரரும் 20, 21 வயதுக்காரரும் 20. எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் அதைப் பின்பற்றவும் இல்லை.

1851-லிருந்துதான் நமக்கு விருந்து. அந்த ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி இரவு ஒரு வீட்டில் யார் தங்கியிருந்தார்களோ அவர்கள் எல்லாரும் அந்த வீட்டுக் கணக்கில் வருவார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் இடமிருந்து வலமாக இவை இருக்கும்: படிவ எண், தெரு அல்லது வீட்டின் பெயர், ஆளின் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா இல்லையா, வயது, தொழில், பிறந்த ஊர், கடைசியாகப் பார்வையோ கேட்கும் திறனோ இல்லாதவரா என்ற கேள்வி. வயதுக்கு ஆண், பெண் என இரண்டு தனிப் பத்திகள். எழுத்து புரியாதபோது ஆளின் பாலினத்தை அந்தப் பத்தியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பல ஆண்டுக் கணக்குகளில் பெயர்களுக்கு இடையே சின்னச் சாய்வுக் கோடுகள் தெரியும். ஒற்றைக் கோடு என்றால் அதே கட்டடத்தில் வேறொரு குடும்பம் தொடங்குகிறது. இரட்டைக் கோடு என்றால் அடுத்த கட்டடம். இது தெரியாமல் படித்தால் இரண்டு குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவோம்.

தொழில் பத்தியில் ‘ஏஜி லேப்’ என்று திரும்பத் திரும்ப வரும். அக்ரிகல்ச்சுரல் லேபரர், அதாவது விவசாயக் கூலி. ‘ஸ்காலர்’ என்று குழந்தைக்கு எதிரே இருந்தால் பெரிய படிப்பாளி என்று பொருளல்ல, பள்ளிக்குப் போகிற பிள்ளை. ‘சன் இன் லா’ என்று பத்து வயதுப் பையனுக்கு எழுதியிருந்தால் திடுக்கிட வேண்டாம். அந்தக் காலத்தில் மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையையும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 1841-லிருந்து 1901 வரை நாம் பார்ப்பது அந்த வீட்டார் நிரப்பிய தாள் அல்ல. வீட்டுத் தாள்களைக் கணக்கெடுப்பாளர் வாங்கி ஒரு புத்தகத்தில் பெயர்த்து எழுதினார். தாள்களை அப்புறம் அழித்துவிட்டார்கள். புத்தகம் மட்டும் நின்றது. ஆகவே நாம் படிப்பது ஒரு நகல். பெயர்த்து எழுதியபோது வரி தவறியிருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்காரர் வாயால் சொன்ன பெயரைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கலாம். பின்னால் லண்டனில் உட்கார்ந்து எண்ணிய எழுத்தர்கள் வயதுப் பத்தியில் போட்ட குறிகள், 3 எது 8 எது என்று தெரியாதபடி எண்களை மறைத்திருக்கும். 1911-ல் நிலைமை மாறுகிறது. அந்த ஆண்டு குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டது. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தையே பார்க்கலாம். மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு திருமண வாழ்க்கை, எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ‘பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து’ என்ற இரண்டு எண்களைப் பார்த்தால், வேறெந்த ஏட்டிலும் கண்ணில் படாத நான்கு பிள்ளைகள் இருந்தார்கள் என்று தெரியவரும். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

கணக்கில் வராமல் தப்பியவர்களும் உண்டு. அதே 1911-ல், வாக்குரிமை இல்லாத எங்களை ஏன் எண்ண வேண்டும் என்று பல பெண்கள் அந்த இரவு வீட்டில் இல்லாமல் போனார்கள். வாக்குரிமைப் போராளி எமிலி வைல்டிங் டேவிசன் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைச் சிற்றாலயத்தில் ஒளிந்திருந்தார். கடைசியில் அங்கேயும் அவர் பெயரை எழுதினார்கள், குடியிருந்த வீட்டிலும் எழுதினார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில். இத்தனை சுவையான காரணம் இல்லாவிட்டாலும், விருந்தாளியாகப் போனவர், வேலைக்காரராகத் தங்கியவர், கப்பலில் இருந்தவர் என்று நம்முடைய ஆள் ‘சொந்த வீட்டில்’ இல்லாமல் போக நூறு காரணம் இருக்கும்.

அமெரிக்காவில் 1790-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு எடுத்தார்கள். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுப் பிரிவுகளில் வெறும் எண்கள். 1850-ல் சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவரின் பெயரும் வந்தது. அடிமைகளாக வைக்கப்பட்டவர்களுக்குத் தனித் தாள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும். பெயர் கிடையாது. அடிமை முறை ஒழிந்த பிறகு வந்த 1870 கணக்கில்தான் அந்த மக்கள் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் குடும்பத்தைத் தேடிப்போகும்போது 1870-ல் ஒரு சுவர் எழுந்து நிற்பது இதனால்தான். ஆவணம் என்பது நடுநிலையான பொருள் என்று யாராவது சொன்னால், அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துக் காட்டலாம்.

எல்லாக் கணக்கும் உடனே நம் கைக்கு வராது. அதில் இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்க, இங்கிலாந்தில் நூறு ஆண்டும் அமெரிக்காவில் 72 ஆண்டும் மூடி வைக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறந்தது; அமெரிக்காவின் 1950 கணக்கு 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி.

தேவாலயம் எழுதியது

குடிக்கணக்கு நம்மைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்தும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுதான் வழி. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் ஏட்டை வைக்க வேண்டும், ஒரு சாவி குருவிடம், இன்னொன்று சபையின் பொறுப்பாளர்களிடம். 1598-ல் காகித ஏடுகளைத் தோலில் பெயர்த்து எழுதச் சொன்னபோது, முக்கியமாக எலிசபெத் அரசி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து எழுதுங்கள் என்றார்கள். பல ஊர்களின் ஏடு சரியாக 1558-ல் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். அதற்கு முந்தைய பக்கங்களை யாரும் பெயர்க்கவில்லை. அப்போதிருந்தே ஆண்டுதோறும் ஒரு நகலை ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பவும் வேண்டியிருந்தது. ஊர் ஏடு கரையான் அரித்துப் போயிருந்தாலும் ஆயரிடம் போன நகல் பிழைத்திருக்கலாம். தேடுகிறவர்கள் இந்த இரண்டாவது கதவை மறந்துவிடுகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1563-ல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கும் பதிய வேண்டும் என்று விதித்தது. 1614-ல் வந்த உரோமைச் சடங்கு நூல் இறப்புப் பதிவையும் சேர்த்தது. இவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம். எழுதுகிற முறை ஊருக்கு ஊர் அதிகம் மாறாது. நாள், ஞானஸ்நானம் கொடுத்தவர், பிள்ளையின் பெயர், தந்தை, தாய், ஞானத் தந்தை, ஞானத் தாய் என்று ஒரே ஒழுங்கில் போகும். ‘ஃபிலியுஸ்’ மகன், ‘ஃபிலியா’ மகள், ‘பத்ரினி’ ஞானப் பெற்றோர், ‘செபுல்த்துஸ்’ அடக்கம் செய்யப்பட்டவர் என்று இருபது சொல் தெரிந்தால் போதும். ஆட்களின் பெயரையும் லத்தீனாக்கித்தான் எழுதுவார்கள். வில்லியம் அங்கே குலியெல்முஸ், ஜேம்ஸ் யாக்கோபுஸ். வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கத்தோலிக்க ஏடுகளில் ஓரத்தை மறக்காமல் பாருங்கள். 1908-க்குப் பிறகு, ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பழைய பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு குழந்தையின் பதிவுக்குப் பக்கத்தில், இருபத்தைந்து ஆண்டு கழித்து வேறொரு கையெழுத்தில், வேறொரு ஊரின் பெயரும் துணையின் பெயரும் இருக்கும். ஊரை விட்டுப் போனவர் எங்கே போனார் என்பதற்குச் சில குடும்பங்களில் அந்த ஒரு வரிதான் தடயம்.

பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல. பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ கொடுத்துவிடுவார்கள்; ஆனால் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்த குடும்பங்களும் உண்டு. அதேபோல அடக்க நாள் இறந்த நாள் அல்ல. சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் பொதுவாக இருக்காது. ஸ்காட்லாந்திலும் கத்தோலிக்கப் பதிவுகளிலும் பல நேரம் இருக்கும். 1813-லிருந்து இங்கிலாந்தில் அச்சடித்த படிவம் வந்தது. பக்கத்துக்கு எட்டு ஞானஸ்நானம். தந்தையின் தொழிலுக்கும் குடியிருந்த இடத்துக்கும் தனிப் பத்தி. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தந்தையர் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தொழில் பத்திதான்.

பணமும் ஏட்டில் புகுந்து விளையாடியிருக்கிறது. 1783-ல் இங்கிலாந்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி போட்டார்கள். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. 1794-ல் அதை எடுத்துவிட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்றால் 1794-ஐ ஒட்டிய பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். வரி போகட்டும் என்று காத்திருந்த பெற்றோர் இருந்திருக்கலாம்.

தேதியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1720 டிசம்பருக்கு அடுத்து வருவது அவர்கள் கணக்கில் 1720 ஜனவரி. பெற்றோருக்குத் திருமணம் 1720 மே, பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பிப்ரவரி மேக்கு ஒன்பது மாதம் பிந்தியது. நம் கணக்கில் 1721. இப்படிப்பட்ட தேதியை 1720/21 என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதுவது வழக்கம். 1752-ல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது.

சுவீடனில் இந்த இரண்டு வகை ஏடுகளும் ஒன்றாகிவிட்டது போல ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. குருவானவர் வீடு வீடாக மக்களுக்கு வாசிப்பும் ஞானோபதேசமும் தெரிகிறதா என்று சோதிப்பார். 1686 திருச்சபைச் சட்டத்தையொட்டிப் பதிவுகள் கட்டாயமாயின. அந்தச் சோதனைக்காக வைத்திருந்த ஏட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், பிறப்பும் இறப்பும், யார் எந்த ஊருக்குக் குடிபோனார் என்பதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து இருக்கும். ஆனால் சுவீடன் கிராமங்களில் நெடுங்காலம் குடும்பப் பெயரே தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். அங்கே குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் ஒரு படிகூட ஏற முடியாது. வீட்டையும் பண்ணையையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். 1851 கணக்கில் ராபர்ட் என்ற தச்சர், வயது 32. மனைவி ஆன், 30. பிள்ளைகள் மூவர், வயது 8, 5, 2. கூடவே 61 வயது விதவை ஒருவர், உறவு மாமியார்.

முதலில் வயதைப் பிரிப்போம். 1851 மார்ச் 30 அன்று 32 வயது என்றால், அவர் 1818 மார்ச் 31-க்கும் 1819 மார்ச் 30-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும், சொன்ன வயது சரியாக இருந்தால். அதே ஆள் 1841-ல் 22 அல்லது 23 வயதுக்காரர். அந்தக் கணக்கின் விதிப்படி 20 என்று எழுதப்பட்டிருப்பார். 20 என்ற எண்ணைப் பார்த்து இவர் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து மாமியார். அவருடைய குடும்பப் பெயர் ராபர்ட்டின் பெயரிலிருந்து வேறாக இருக்கும். அவர் மறுமணம் செய்யாதவராக இருந்தால், அதுவே ஆனின் பிறந்த வீட்டுப் பெயர். கணக்கெடுப்பாளர் நமக்கு இதைச் சொல்ல நினைக்கவே இல்லை. அன்றிரவு ஒரு கிழவி மகள் வீட்டில் தூங்கியதால் கிடைத்தது.

மூத்த பிள்ளைக்கு 8 வயது. ஆகவே திருமணம் 1842 வாக்கில், அல்லது சற்று முன்னதாக. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு வந்துவிட்டது. அந்தக் காலத் திருமணச் சான்றில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். ராபர்ட்டின் தந்தை வில்லியம், தச்சர் என்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ராபர்ட் பிறந்த ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். 1818, 1819-ல் அதே குடும்பப் பெயரில் இரண்டு ராபர்ட்டுகள் இருக்கிறார்கள். ஒருவரின் தந்தை வில்லியம், தச்சர். இன்னொருவரின் தந்தையும் வில்லியம், ஆனால் செருப்புத் தைப்பவர். தச்சரின் மகன்தான் நம்மவர் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அடக்கப் பதிவேட்டைத் திறந்து, இந்த இரண்டு ராபர்ட்டில் யாராவது குழந்தையாக இருக்கும்போதே இறந்தாரா என்று பார்க்க வேண்டும். தச்சரின் மகன் மூன்று வயதில் இறந்து, 1822-ல் பிறந்த தம்பிக்கும் ராபர்ட் என்றே பெயர் வைத்திருந்தால்? இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அப்போது சாதாரணமாக நடந்தது. அப்படி இருந்தால் 1851-ல் சொன்ன வயதே கேள்விக்குள்ளாகும். அடக்கப் பதிவில் இரண்டு பேருமே இல்லை, செருப்புத் தைப்பவரின் மகன் 1851 கணக்கில் வேறொரு தெருவில் அதே தொழிலோடு உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால்தான் நம் தச்சருக்கு இடம் உறுதியாகிறது. நம்மவரைக் கண்டுபிடித்தால் போதாது, மற்றவர் நம்மவர் இல்லை என்றும் காட்ட வேண்டும். பாதிப் பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளின் பிறந்த ஊரையும் விடாதீர்கள். மூத்தது ஓர் ஊரில், அடுத்தது வேறோர் ஊரில் பிறந்திருந்தால், அந்த மூன்று ஆண்டுக்குள் குடும்பம் இடம் மாறியிருக்கிறது. திருமணச் சாட்சிகள், ஞானப் பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் குறித்து வையுங்கள். இன்று வெறும் பெயராக இருப்பவர் நாளைக்கு மைத்துனராக வந்து நிற்பார்.

வயது பொருந்தாதபோது சோர்ந்துவிட வேண்டாம். பத்தாண்டு இடைவெளியில் ஏழே வயது கூடிய பெண்களும், பன்னிரண்டு கூடிய ஆண்களும் சகஜம். பலருக்குத் தன் வயது துல்லியமாகத் தெரியாது. பிறந்த ஊரும் தொழிலும் கூட இருக்கும் பிள்ளைகளின் பெயரும் ஒத்துப்போனால் இரண்டு மூன்று வயது வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பெயரின் எழுத்துக்கூட்டுக்கும் இதே தாராளம் வேண்டும். ஸ்மித், ஸ்மைத் இரண்டும் ஒரே குடும்பத்தில் வரும். இதற்காகவே அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் என்ற முறை வந்தது: ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு. இந்த இரண்டு பெயருக்கும் எஸ் 530.

ஏடே இல்லாதபோது

சில இடங்களில் தேடிக் கிடைக்காததற்குக் காரணம் நாம் அல்ல. அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் நடந்த சண்டையில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்குகளில் பெரும்பகுதியும், அங்கே கொண்டுவந்து வைத்திருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற சீர்திருத்தச் சபையின் பல பதிவேடுகளும் சாம்பலாயின. 1861, 1871 கணக்குகளை அரசே முன்பு அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகப் போயின. முழுதாக மிஞ்சிய பழைய கணக்குகள் 1901-ம் 1911-ம் மட்டுமே. கத்தோலிக்கப் பதிவேடுகள் ஊர்ப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. அமெரிக்காவின் 1890 கணக்கில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் சேதமாகியும், மிஞ்சியது பிறகு அழிக்கப்பட்டும் போயிற்று. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கு 1942-ல் எரிந்தது. 1941-ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. இந்த ஆண்டுகளில் தேடி மாதக்கணக்கில் வீணாக்காமல் இருக்கவாவது இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 1872-லும், பிறகு 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறையும் எடுத்த பழைய கணக்குகளில் வீட்டுவாரியான பெயர்த் தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. கிடைப்பவை புள்ளிவிவர அறிக்கைகள்தான். ஊர் உண்டு, ஆள் இல்லை. ஆனால் தேவாலய ஏடுகள் இருக்கின்றன. சென்னைக் கோட்டையில் உள்ள புனித மரியாள் ஆலயத்தின் பதிவுகள் 1680-லிருந்து தொடங்குகின்றன. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான். உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் பதிவுக்கு அந்தந்தப் பங்கையோ மறைமாவட்டத்தையோ, திருமண்டலத்தையோதான் நாட வேண்டும். இலங்கையில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகள் உண்டு. நிலத்தோடு குடும்பத்தையும் எழுதிய தோம்பு ஒன்று, பள்ளிக்கூட வட்டாரவாரியாக ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிய தோம்பு இன்னொன்று. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் எட்டிப் பார்க்க இதைவிட நல்ல சன்னல் அந்தத் தீவில் கிடையாது.

எங்கே தேடுவது, எப்படிக் குறிப்பது

காசு செலவழிக்கும் முன் ஃபேமிலிசர்ச் தளத்தில் தொடங்குங்கள். மார்மன் திருச்சபை நடத்துவது, கணக்குத் தொடங்க இலவசம். 1938 முதல் உலகெங்கும் மைக்ரோஃபிலிமில் எடுத்த ஏடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை 2021-ல் முடித்தார்கள். அயர்லாந்தின் 1901, 1911 கணக்குகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும், கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்கள் அதன் தேசிய நூலகத் தளத்திலும் இலவசம். நார்வேயின் டிஜிட்டல் ஆர்க்கிவெட்டும் அப்படித்தான். ஸ்காட்லாந்துக்கு அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் கட்டணத் தளங்கள். பல பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம், முதலில் அதை விசாரியுங்கள்.

தேடும்போது கிடைக்கும் தட்டச்சு வரி வெறும் அட்டவணை. யாரோ ஒருவர், இப்போதெல்லாம் ஏதோ ஒரு மென்பொருள், பழைய கையெழுத்தைப் படித்து எழுதியது. மூலப் படத்தைத் திறக்காமல் எதையும் நம்பாதீர்கள். பழைய எழுத்தில் நீண்ட எஸ், எஃப் போலவே இருக்கும். பெரிய எல், பெரிய எஸ், பெரிய டி எல்லாம் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தேடியது வராவிட்டால், முதல் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஊர், வயது, பிள்ளையின் அபூர்வமான முதற்பெயர் ஆகியவற்றால் மட்டும் தேடுங்கள். படம் கிடைத்ததும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கம் புரட்டுங்கள்; அண்ணன் தம்பிகள் அடுத்த வீட்டில் இருப்பார்கள்.

மற்றவர்கள் ஏற்றி வைத்த குடும்ப மரங்களைத் தடயமாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் செய்த தவறை ஐம்பது பேர் நகலெடுத்திருந்தால் அது ஐம்பது சான்று ஆகிவிடாது.

கண்டதை எல்லாம் அப்போதே குறித்து வையுங்கள்: எந்தக் காப்பகம், எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்த நாளில் பார்த்தது. கிடைக்காததையும் எழுதுங்கள். ‘இந்த ஊர் ஞானஸ்நான ஏடு, 1810 முதல் 1825 வரை, இந்தப் பெயர் இல்லை’ என்ற ஒரு வரி, அடுத்த ஆண்டு அதே பக்கங்களை மறுபடி புரட்டாமல் காப்பாற்றும். மரத்தை இணையத்தில் ஏற்றும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த நாளையும் மறைத்து வையுங்கள், அவர்களைக் கேட்டுச் சம்மதம் வாங்கும் வரை. ஏட்டில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையோ, யாரும் பேசாத முதல் திருமணமோ கிடைக்கலாம். வீட்டில் அதை அறிந்த பெரியவர் இருந்தால், ஊருக்குச் சொல்லும் முன் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.